என் மச்சானை இந்திய வம்சாவளி ஆக்கிய கதை

ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதையும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வாசிப்பதுதான் என் தொழில். கனடாவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். "கையெழுத்து வைக்க முதல் முழுக்க வாசியுங்கோ அண்ணை" என்று ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதால்தான் ஒரு சனிக்கிழமை காலை என் மாமனாரின் பரம்பரை மானம் ஸ்காபரோவில் ஒலிபெருக்கியில் ஏறியது.

அப்போது எனக்குத் திருமணமாகி எட்டு மாதம். மனைவி துர்க்காவின் வீடு அஜக்ஸில். மாமா சபாரத்தினம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. அதை அவர் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, சற்று நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்லுவார். "நாங்கள் நாலு தலைமுறையாப் பருத்தித்துறை. கலப்பில்லை" என்பார். (நல்லெண்ணெய்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் வாசகம் போலவே இருக்கும்.) என்னைப் பற்றி அவருடைய அபிப்பிராயம், "பெடியன் பரவாயில்லை". இரண்டாம் கை டொயோட்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லும் அதே தொனி. அந்தப் 'பரவாயில்லை'யை எப்படியாவது 'கெட்டிக்காரன்' ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் அந்த எட்டு மாதமும் என் இலட்சியம்.

அதற்கான வாகனமாக நான் தேர்ந்தெடுத்தது துர்க்காவின் தம்பி கவினை. வயது இருபத்தொன்று. ஒன்ராறியோ லீக் ஒன்றில் அரைத் தொழில்முறைக் கழகத்துக்கு இடது பக்க முன்கள வீரனாக விளையாடிக்கொண்டிருந்தான். பந்தோடு அவன் ஓரக்கோட்டில் இறங்கினால் எதிரணிப் பின்கள வீரர் பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நின்றுவிடுவார். இங்கேயே பிறந்தவன். தமிழ் முழுவதும் விளங்கும். அவசரத்துக்கு மட்டும் பேசுவான்.

ஒருநாள் என் கைப்பேசிக்கு ஒரு அறிவித்தல் வந்தது. "வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளிக் கால்பந்து வீரர்களே!" என்று தொடங்கியது. இந்தியாவின் தொழில்முறைக் கழகம் ஒன்று ரொறன்ரோவில் வீரர் தேர்வு நடத்துகிறதாம். தகுதிக்கான ஆவணங்களோடு வரவேண்டுமாம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பத்திகள் இருந்தன. இருந்தன என்பதை நான் கவனித்தேன். அவ்வளவுதான்.

என் மூளையில் மணி அடித்தது. ஏனென்றால் திருமணமான புதிதில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது துர்க்கா ஒரு இரகசியம் சொல்லியிருந்தாள்.

"அப்பான்ரை அப்பா ஊர் ஆளே இல்லை தெரியுமோ? இந்தியாப் பக்கமிருந்து வள்ளத்திலை வந்து கடை போட்டவராம். அப்பாக்கு முன்னாலை வாய் திறந்திடாதேங்கோ."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. இலங்கையில் 'இந்திய வம்சாவளி' என்றால் மலையகத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம். அந்த மக்களை யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் ஒரு படி கீழே வைத்தே பார்த்தார்கள். வெட்கப்பட வேண்டிய திமிர். ஆனால் அந்தத் திமிர் விமானத்தில் ஏறி எங்களோடு கனடாவுக்கும் வந்து, அஜக்ஸில் வீடு வாங்கி, மாமாவின் வரவேற்பறையில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. தந்தை கடல் தாண்டி வந்தவர் என்பதை மாமா இருபது வயதிலேயே மறந்துவிட்டார். நன்றாக முயற்சி செய்து மறந்திருந்தார்.

நான் மாமியைப் பிடித்தேன். மாமி முதலில் பயந்தார். மகன் இந்தியாவில் தொலைக்காட்சியில் வருவான் என்று சொன்னதும், அலுமாரியின் மேல்தட்டில் குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் மடிப்புகளில் கிழிந்துகொண்டிருந்த ஒரு பழைய கடதாசி.

"இது அவரின்ரை அப்பான்ரை பிறப்புப் பத்திரம். உவருக்குத் தெரிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவார்."

அதில் இருந்தது தமிழில்லை. பெயரை மட்டும் கண்டுபிடித்தேன். அதற்கு மேலே முத்திரைக்குள் ஐ, என், டி, ஈ என்று நான்கு எழுத்துகள். 'இந்தியா என்று ஒழுங்காக எழுதத் தெரியாத குமாஸ்தா' என்று அந்தக் காலத்து அரசாங்கத்தின் மேல் இரக்கப்பட்டேன். போதாதா? ஆவணம் தயார்.

மாமாவிடம், "வெளிநாட்டுக் கழகம் ஒண்டு கவினைப் பாக்க வருது" என்று மட்டும் சொன்னேன்.

"இங்கிலாந்தோ?"

"அப்பிடி... ஒரு காலத்திலை அவங்களோடை சேர்ந்து இருந்த இடம் மாமா."

மாமாவின் கண்கள் பளபளத்தன. கவின் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "அத்தான், ஆர் யூ ஷோர் அபவுட் திஸ்?" என்று கேட்டான். "எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். (என் வாழ்க்கையில் இந்த வசனத்துக்குப் பிறகு நல்லது எதுவும் நடந்ததில்லை.)

தேர்வு ஸ்காபரோவில், காற்றடித்து உப்பிய பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள். வெளியே ஏப்ரல் மாதத்துப் பனித்தூறல். ஒழுங்குபடுத்தியவர்கள் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகத்தார் என்பதால் உள்ளே பாதி யாழ்ப்பாணம் இருந்தது. ரோல்ஸும் தேநீரும் ஓடின. மாமா கோட் சூட்டில் வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பாலிய நண்பரும் ஆயுள்காலப் போட்டியாளருமான கனகலிங்கம் அங்கிள். மகன் இங்கிலாந்துக்குப் போகும் காட்சியைப் பார்க்க மாமாவே அவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

பதிவுப் படிவத்தில் 'மேலதிகக் குறிப்பு' என்று ஒரு பெட்டி இருந்தது. எனக்கு வெற்றுப் பெட்டியைக் கண்டால் கை சும்மா இராது. எழுதினேன். எழுதியது அறிவிப்பாளரின் கைக்குப் போகும் என்று யார் கண்டது?

"அடுத்து, கவின் சபாரத்தினம்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "இடது பக்க முன்கள வீரர். இவரின் அப்பப்பா அசல் இந்தியர். பரம்பரையே இந்திய வம்சாவளி!"

மாமாவின் கையிலிருந்த ரோல்ஸ் வாய்க்கு அரை அடி தூரத்தில் நின்றது.

"என்ன சபா, சொல்லவே இல்லை?" என்றார் கனகலிங்கம் அங்கிள். அவர் முகத்தில் அறுபது வருடம் காத்திருந்த மனிதனின் ஆனந்தம்.

மாமா மெல்லத் திரும்பினார். "தம்பி, உவன் ஆரின்ரை அப்பப்பாவைச் சொல்லுறான்?"

"கவினின்ரை அப்பப்பாவை மாமா."

"கவினின்ரை அப்பப்பா எனக்கு என்ன முறை?"

நான் யோசிப்பது போல நடித்தேன். "உங்கட... அப்பா மாமா."

மாமா எழுந்து, நாற்காலியைத் தூக்கி, மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார். மிச்ச நேரம் முழுவதும் கூடாரத்தின் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. கவினின் அணியில் ஒரு பின்கள வீரர் குறைந்ததால், அவனுக்கு லிப்ட் கொடுத்து வந்த ஜோபினையே இறக்கினார்கள். ஜோபின் கேரளத்துக்காரன், இருபத்து நான்கு வயது. கவினின் கழகத்தில்தான் விளையாடினான். இங்கே படிக்க வந்து, படிப்பு முடித்து, ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்துகொண்டிருந்தவன். அவனுடைய முரட்டுத் தடுப்பாட்டமும் கவினின் ஓட்டமும் சேர்ந்து அன்றைக்கு ஒரு கூத்தே நடந்தது. அரை மணி நேரத்தில் கவின் மூன்று கோல் போட்டான். மூன்றாவது கோலுக்குக் கனகலிங்கம் அங்கிளே எழுந்து நின்று கத்திவிட்டு, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தார். மாமா மட்டும் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் அவருடைய காது லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் கழகத்தின் தேர்வாளர் எங்களை மேசைக்கு அழைத்தார். சென்னைக்காரர், ஸ்ரீதர் என்று பெயர். கழுத்தில் விசில்.

"பையன் பிரமாதம் சார்! இந்த மாதிரி லெப்ட் விங்கரைத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கோம். பாஸ்போர்ட் குடுங்க."

நான் மிடுக்காக மாமியைப் பார்த்தேன். மாமி கைப்பையைத் திறந்து கவினின் கடவுச்சீட்டை மேசையில் வைத்தார். ஸ்ரீதர் அதன் அட்டையைப் பார்த்தார். புன்னகை அப்படியே வற்றியது.

"இது கனடா பாஸ்போர்ட் ஆச்சே?"

"ஓம். ஆனால் பூர்வீகம் இந்தியா. பத்திரம் இருக்கு!" என்று நான் கடதாசியை நீட்டினேன்.

"சார், பூர்வீகம் வேற, பாஸ்போர்ட் வேற. தாத்தா எந்த ஊரா இருந்தாலும் எங்க லீக்ல இவர் வெளிநாட்டுப் பிளேயர்தான். அந்தக் கணக்குல கொஞ்சம் இடம்தான் இருக்கு. அதுக்கு பிரேசில், ஸ்பெயின்னு ஆள் வந்து நிக்கிறாங்க. ஓ.சி.ஐ.ன்னு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை எடுத்தாலும் விசா இல்லாம வந்து போகலாம், பந்தாட முடியாது."

"அப்ப எதுக்கு இந்திய வம்சாவளி எண்டு கூப்பிட்டனீங்கள்?"

"ரெண்டாவது பத்தியில தெளிவா போட்டிருக்கோமே சார். இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க வரலாம். இல்லேன்னா இருக்கிற குடியுரிமையை விட்டுட்டு இந்தியக் குடியுரிமை வாங்கத் தயாரா இருக்கிறவங்க வரலாம். ரெண்டு பாஸ்போர்ட் வெச்சுக்க எங்க நாட்ல சட்டமில்ல."

நான் அப்போதுதான் கைப்பேசியை எடுத்து இரண்டாவது பத்தியை வாசித்தேன். தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். தடித்த எழுத்தில்.

மாமி, "விடுறதெண்டால்?" என்று கேட்டார்.

"கனடா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கணும்மா."

மாமி குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"தம்பி, இந்தப் புத்தகத்துக்காக நான் மூண்டு நாடு கடந்தனான். வயித்திலை துர்க்காவோடை. அகதிக் கேஸிலை ரெண்டு தரம் இல்லையெண்டவங்கள். ஒவ்வொரு தபாலையும் சாமியைக் கும்பிட்டுத்தான் உடைச்சனான். எங்களை இஞ்சை கொண்டுவந்து விட்ட ஏஜென்ட் கூட நல்லவன். இஞ்சையிருந்து திருப்பி அனுப்புற ஏஜென்டை இண்டைக்குத்தான் பாக்கிறன். அதுவும் என்ரை மருமகன்!"

சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு 'சர்'ரென்று சிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. துர்க்கா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

கவின் வியர்வையோடு நின்றான். எவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஸ்ரீதரிடம் மெதுவாகக் கேட்டான்.

"சேர், பாஸ்போர்ட்டை விடுங்க. நான் விளையாடினது... காணுமா? ஐ மீன், வாஸ் ஐ குட் இனஃப்?"

ஸ்ரீதர் அவனை நேராகப் பார்த்தார். "இந்திய பாஸ்போர்ட் மட்டும் இருந்திருந்தா இந்த மேசையை விட்டு உன்னை நகர விட்டிருக்க மாட்டேன் தம்பி."

கவின் தலையை ஆட்டினான். கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு சிரித்தான். மூன்று வருடமாக ஒரு பயிற்சியாளரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னர் சொன்னான். அன்றைய நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"சரி, இங்க யார்கிட்டயாவது இந்திய பாஸ்போர்ட் இருக்கா?" என்று ஸ்ரீதர் களைத்துப்போய்க் கேட்டார்.

எல்லோர் கண்களும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஜோபின் பக்கம் திரும்பின. ஜோபின் போத்தலைக் கீழே இறக்கினான்.

"நீங்களா அந்த டிபெண்டர்? இந்தியன் சிட்டிசனா? உங்களையும் குறிச்சு வெச்சேன்! நாளைக்கே கையெழுத்துப் போடலாம்!"

"ஐயோ சேட்டா, வேண்டா!" என்று ஜோபின் கையெடுத்துக் கும்பிட்டான். "என்ட பி.ஆர். வர்ற மாசம். இங்க நிரந்தரமா தங்க நாலு வருஷமா வெயிட் செய்யறேன்! இப்ப இந்தியா போனா அம்மா வீட்ல ஏத்தாது!"

ஸ்ரீதர் ஒரு அடி முன்னால் வைத்தார். ஜோபின் இரண்டு அடி பின்னால் வைத்தான். அடுத்த கணம் கூடாரத்தின் சுழல் கதவு வழியாக அவன் வாகனத் தரிப்பிடத்துக்குப் பாய, ஸ்ரீதர் விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். அவ்வளவு வேகத்தை ஜோபின் மைதானத்தில் காட்டியதே இல்லை. போக விரும்பியவனைச் சட்டம் விடவில்லை. சட்டம் விட்டவன் காருக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

மூச்சு வாங்கத் தனியாகத் திரும்பி வந்த ஸ்ரீதர், மேசையில் கிடந்த என் கடதாசியைச் சும்மா எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"சார், இதை வாசிச்சீங்களா?"

"முத்திரையை வாசிச்சனான்."

"இது பிரெஞ்சு சார். பையனோட தாத்தா பிறந்தது காரைக்கால். அப்ப அது பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர். பிரெஞ்சு இந்தியான்னு போட்டிருக்கு பாருங்க."

கனடாவில் இருபத்து நான்கு வருடம் இருந்திருக்கிறேன். பால் பெட்டியின் ஒரு பக்கம், சோப்பின் ஒரு பக்கம், வரி அலுவலகக் கடிதத்தின் ஒரு பக்கம் எல்லாமே பிரெஞ்சு. எல்லாவற்றையும் இங்கிலீஷ் பக்கம் திருப்பி வைத்துவிட்டே வாழ்ந்திருக்கிறேன்.

"இதை வெச்சு வேணும்னா பிரான்ஸ் டீமுக்கு ட்ரை பண்ணுங்க" என்று ஸ்ரீதர் சிரித்தார்.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு மணி நேரமாக வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா திரும்பியிருந்தார்.

"என்ன நாடு எண்டு சொன்னனீங்கள்?"

401 நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா என்னிடம் கையை நீட்டினார். கடதாசியைக் கொடுத்தேன். அதை அவர் கிழித்துப் போடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனபோது அது கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் கேட்டால், "எங்கட அப்பா பிரெஞ்சு ஆட்சிக்குள்ளை பிறந்தவர்" என்று தொடங்கினார். அப்பாவின் பெயரைச் சொன்னார், கடையைப் பற்றிச் சொன்னார், வள்ளத்தைப் பற்றியும் சொன்னார். 'இந்தியா' என்ற சொல்லை மட்டும் லாவகமாகச் சுற்றிக்கொண்டு போனார். நாற்பத்தைந்து வருடம் பூட்டி வைத்திருந்த அப்பாவை அவர் ஒரு பிரெஞ்சுக் கதவு வழியாக வெளியே கூட்டி வந்தார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. சிரிப்பும் வந்தது.

கவின் இப்போது அம்புலன்ஸில் மருத்துவ உதவியாளனாக வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிறான். ஜோபினுக்கு பி.ஆர். வந்துவிட்டது.

போன கோடையில் கவினுக்குச் சம்பந்தம் பேச ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். தேநீர் கொடுத்து முடிந்ததும் பெண்ணின் தகப்பன், யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் தவிர்க்க முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஊரிலை நீங்கள் எவடம்?"

நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கினோம். மாமா செருமினார்.

"பருத்தித்துறை. ஆனால் பூர்வீகம் பிரான்ஸ்."

அந்த மனிதர் அசரவில்லை. எங்கள் ஆட்கள் ஊர் விசாரிக்கத் தொடங்கினால் தெரு, ஒழுங்கை வரைக்கும் போகாமல் விடமாட்டார்கள் அல்லவா?

"பிரான்ஸிலை எவடம்?"

மாமா தேநீரை ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார்.

"கரையோரம்" என்றார்.

குசினிக்குள் மாமிக்குச் சிரிப்பை அடக்கப்போய்ப் புரைக்கேறியது. கல்யாணம் சரிவந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் தப்பப் பார்த்தால் அதற்குப் பெயர் 'கரையோரம்'. தாமதமாக வந்த கவினிடம் எங்கே போனாய் என்று கேட்டால் கரையோரம். மாமியிடம் புதுச் சேலையின் விலையைக் கேட்டால் கரையோரம்.

நேற்று இதை எழுதி முடித்தபோது துர்க்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உந்தக் கதையை அப்பாட்டைக் காட்டினீங்களோ?"

"கரையோரம்" என்றேன்.